கல்லு வாங்கியாச்சு, தாடி எங்கலே?

எய்யா பேராண்டி, தாராளமா வாங்கு. நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல. சுங்கத்துக்காரர் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்துட்டு, "ஏன் சார், உங்க ஊர்ல செங்கல் கெடைக்கலையா?"ன்னு கேட்டா வெக்கப்படாத. "இது அந்தக் காலத்துச் சவரக்கத்தி தீட்டுற கல்லு, ஐரோப்பாவுல செஞ்சது"ன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லு. அவரு உன்ன ஒரு பார்வை பாப்பாரு. உன் தாடிய இன்னொரு பார்வை பாப்பாரு. அதுக்கெல்லாம் கலங்கக்கூடாது. ஒண்ணு ரெண்டோட நிறுத்தவும் கூடாது. இப்பவே மூணு கல்லு இருக்கு. இன்னும் நாலஞ்சு சேந்துட்டா புரட்டாசியில படிகட்டிக் கொலு வச்சிரலாம். உங்க ஆச்சி சுண்டலுக்குக் கடலை ஊறப் போட்டுருவா.

நான் சலூன்ல நின்னே முட்டி தேஞ்சவன். கத்தி தீட்டுற கல்லுதான் இந்த வீட்டுக்கு ஒரு காலத்துல சோறு போட்டுச்சு. உங்கப்பன் அந்தக் கல்லக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு பாலிடெக்னிக் போனான். நீ கம்ப்யூட்டர் படிச்சு, அந்தச் சம்பளத்துல அதே கல்ல வெலை கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்துட்ட. நல்லாத்தான் சுத்துது ஒலகம். கொண்டாந்தது கொண்டாந்துட்ட, சொல்லுறதக் கேட்டுக்கோ. கேக்காமப் போனாலும் எனக்கு ஒண்ணும் நட்டமில்ல. வெட்டுப்படப் போறது உன் தாடை.

மொதல்ல இந்தக் கல்லு எதுக்குப் பொறந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோ. மொட்டைக் கத்தியக் கூராக்கப் பொறந்த கல்லு இல்ல இது. நேத்து வரைக்கும் நல்லா வழிச்ச கத்தி இன்னைக்கு லேசாச் சுணங்கும் பாரு, அந்தச் சுணக்கத்த எடுக்கத்தான் இது. 1900-ஐ ஒட்டின காலத்துல அமெரிக்காவுல டவுன்ல இருக்குறவங்க நெறையப் பேரு சவரத்துக்கு சலூனுக்குத்தான் போவாங்களாம். வாடிக்கைக்காரங்க பேரெழுதின நுரைக் கோப்பைய கடைச் சுவத்துல வரிசையா அடுக்கி வச்சிருக்குறத நீதான போன்ல காட்டின? இப்ப நெனச்சுப் பாரு. சனிக்கிழமை சாயங்காலம், பெஞ்சு நெறைய ஆளு. நாக்காலியில ஒருத்தரு பாதி மூஞ்சி நுரையோட மல்லாந்து கெடக்காரு. அந்த நேரம் பாத்துக் கத்தி மயிரப் புடிச்சு இழுக்கு. கடைக்காரன் என்ன செய்வான்? "அரை மணி நேரம் பொறுங்க"ன்னு சொல்லவா முடியும்? பக்கத்துல கெடக்குற கல்லுல அதே சோப்பு நுரையில ஒரு விரலுக்குத் தடவி, மூணு நாலு இழுப்பு. அப்புறம் தோல்வார்ல ஏத்தி எறக்கி மறுபடி தாடைக்கு வந்துருவான். மல்லாந்து கெடந்தவரு கொறட்டை நிக்கதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும்.

நேரத்த மிச்சம் புடிக்க வந்த கல்லுய்யா அது. நீ ஞாயித்துக்கிழமை காலையில அத மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா, ஆச்சி ரெண்டு தடவ காப்பி கொண்டாந்து, ரெண்டும் ஆறிப்போயி, மத்தியானச் சோத்துக்கும் எந்திரிக்க மாட்டேங்க. எங்காளுக பசிக்குப் பயந்து வேகமாத் தீட்டினாங்க. நீ பசியையே மறந்துட்டுத் தீட்டுத. பெரிய தவம்தான். வரம் எப்ப கெடைக்கும்னுதான் தெரியல.

அந்தப் பழுப்புக் கல்லு வந்த அன்னைக்கு நடந்த கூத்த நான் மறக்க மாட்டேன். நீ போன்ல யாருகிட்டயோ "ஸ்வாட்டி வந்துட்டு, ஸ்வாட்டி வந்துட்டு"ன்னு குதிக்க. உங்க ஆச்சி அதச் சுவாதின்னு காதுல வாங்கிட்டு, பொண்ணு எந்த ஊருன்னு என்கிட்டக் கேக்கா. நீ மாரிபோருன்னு சொல்லுத. அது மானாமதுரைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு அவ வெசாரிக்க ஆரம்பிச்சுட்டா. பொட்டலத்தப் பிரிச்சா உள்ள கல்லு. அவ மொகத்தப் பாக்கணுமே அன்னைக்கு!

ஃபிரான்ஸ் ஸ்வாட்டிங்கிறது ஆளு பேரு. மாரிபோருல 1879-ல தொடங்கின பட்டறை. அப்ப அந்த ஊரு ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசுல இருந்துச்சு, ஜெர்மன்காரன் அத மார்புர்க்னு சொல்லுவான். மொத உலக யுத்தம் முடிஞ்சு அரசன் போனான், யூகோஸ்லாவியா வந்துச்சு. 1991-ல அதுவும் ஒடைஞ்சு ஸ்லோவேனியா ஆச்சு. ஊரு எடத்த விட்டு ஒரு அடி நவுரல, மூணு தேசத்துல குடியிருந்துருச்சு பாத்துக்கோ. கல்லு மட்டும் ஒலகம் பூராச் சுத்திருக்கு. அமெரிக்காவுல நாவிதருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்குற புஸ்தகத்துலயே, செயற்கைக் கல்லுன்னா இந்தப் பேரத்தான் மொதல்ல சொல்லுவாங்க. மலையில வெட்டியெடுத்த கல்ல விட இது வெரசாத் தீட்டும். அதான் அதோட மவுசு. இப்ப என்னடான்னா, பேரு மூணு வரியில பொறிச்சிருந்தா ஒரு வெல, வேற மாதிரி இருந்தா வேற வெலன்னு பேரம் பேசுதீங்க. கத்திக்கு எழுதப் படிக்கத் தெரியுமாய்யா? வரிய எண்ணிப் பாத்தா வழிக்கப் போகுது?

ரெண்டாவது கல்லு, அந்த அமெரிக்காக் கல்லு. அது வந்த கதை எனக்கு ரொம்பப் புடிச்சுது. எட்வர்ட் அச்சேசன்னு ஒருத்தரு, எடிசன் பட்டறையில வேலை பாத்தவரு, 1891-ல செயற்கையா வைரம் பண்ணப் போறேன்னு கெளம்பினாரு. இரும்புச் சட்டியில களிமண்ணையும் நிலக்கரிக் கரியையும் கொட்டி, உள்ள கரண்டப் பாய்ச்சினாரு. ஆறினப்பறம் பாத்தா வைரத்தக் காணோம். மினுமினுன்னு சின்னச் சின்னப் படிகம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அத எடுத்துக் கண்ணாடியில இழுத்தா கண்ணாடி கீறுது. கார்போரண்டம்னு பேரு வச்சாரு. அது சிலிக்கானும் கரியும் சேந்த சரக்கு. கடினத்துல வைரத்துக்குக் கொஞ்சந்தான் கீழ. மொதல்ல அத வாங்கினது ரத்தினம் பட்டை தீட்டுறவங்க. 1895-ல கம்பெனிய நயாகராவுக்கு மாத்திட்டாரு. எதுக்கு? அருவி பாக்கவா? அந்த ஒலைக்குக் கரண்டு குடம் குடமாக் குடிக்கும், அங்க தண்ணியில எடுக்குற கரண்டு சல்லிசு. அப்புறம் அந்தத் தூள மண்ணோட கொழச்சு அச்சுல அழுத்திச் சூளையில சுட்டுச் சாணை உருளை, அருவாக் கல்லு, சவரக்கத்திக் கல்லுன்னு வகை வகையா வித்தாங்க. வைரம் பண்ணப் போன மனுசன் கடைசியில ஊரான் தாடைக்கு வழி பண்ணினாரு. நீயும் ஏதோ பெருசாச் சாதிக்கணும்னுதான் காலேஜுக்குப் போன. அதனால மனசு ஒடைஞ்சு போயிராத.

அந்தக் கல்லு மேல 101-ன்னு போட்டிருக்கு. அதப் பாத்துட்டு, "தாத்தா, கிரிட் நூத்தியொண்ணுதானா, ஏமாத்திட்டானே"ன்னு நீ மூக்கால அழுத. எய்யா, அது கடைக்காரன் பட்டியலுக்கு வச்ச நம்பரு. கல்லு எவ்வளவு நைசுங்கிறதுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. நூத்தியொண்ணுன்னு கண்டதும் யாரு வீட்டு மொய்யின்னு நோட்டத் தொறந்துட்டா உங்க ஆச்சி. அவ கணக்குக்கும் உன் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல. இந்தப் பழைய கல்லுகள்ல இத்தன கிரிட்டுன்னு ஒருத்தனும் அச்சடிக்கல. இன்னைக்கு நாலாயிரம்னும் எட்டாயிரம்னும் நீங்க மதிப்புப் போடுறதெல்லாம் கத்தி போன தடத்தப் பாத்துச் சொல்லுற குறிதான். ஒரே பேருள்ள ரெண்டு கல்லு ரெண்டு விதமாத் தீட்டும். சூளையில எந்த மூலையில வெந்துச்சோ, யாரு கண்டா?

மூணாவது அந்த மஞ்சக் கல்லு. பெல்ஜியத்துல ஆர்டென் மலை, வியல்சாம் பக்கத்துப் பூமிக்குள்ள மெல்லிசு மெல்லிசாப் படுகை படுகையாக் கெடக்கும், கொட்டிகூல்னு பேரு. முதுகுல நீலப் பலகைக்கல்லு ஒட்டியிருக்கும், அதுவும் சில கல்லுல தானா ஒட்டிப் பொறந்தது. அந்த மஞ்சளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சைசுல கார்னெட் மணி நெறஞ்சு கெடக்கு. அதுதான் இரும்ப அரிக்கிது. நம்ம கோமேதகம் இருக்கே, அதுவும் கார்னெட் சாதிதான். இத நீ உங்க ஆச்சிகிட்டச் சொல்லியிருக்கக் கூடாது. ராகுவுக்கு ஆகும்னு அந்தக் கல்ல எடுத்துச் சாமி ரூம்ல வச்சுட்டா. போயி எடுத்துறாத. இருக்குற எடத்துலயாவது அதுக்கு நாலு பூவு கெடைக்கி. உன்கிட்ட இருந்தா சோப்புத் தண்ணிதான்.

ஜெர்மனிக் கல்லு ஒண்ணு வாங்கப் போறதாக் கேள்விப்பட்டேன். துரிங்கியா, சோனபெர்க் ஊரு, எஷர் கம்பெனி. மலையில வெட்டின பலகைக்கல்லு, ரொம்ப நைசுன்னு பேரெடுத்தது. கூடவே அதே ஜாதியில ஒரு குட்டிக் கல்லும் வரும், தண்ணி விட்டுத் தேச்சுப் பால் எடுக்கதுக்கு. அதுல லேபிள் கிழியாம இருந்தா வெல ஏறும், பெட்டியும் இருந்தா இன்னும் ஏறும், லேபிள் உதுந்துட்டா எறங்கும்னு சொன்னியே, அத நான் ராத்திரி முழுக்க யோசிச்சேன். கல்லு அதே கல்லு. காகிதத்துக்குத்தான் காசு. அப்படின்னா காகிதத்த மட்டும் வாங்கிட்டு வா. தபால் செலவு கொறையும். உங்கப்பனுக்குப் பெட்டியத் தூக்கி இடுப்புப் புடிக்காது.

சரி, பகடி போதும். கல்லப் பாத்து வாங்குறது எப்படின்னு சொல்லுதேன். இந்தச் சூளைக்கல்லு கடினம், ஆனா கீழ விழுந்தா ரெண்டாப் போயிரும். சலூன்காரன் கை ஈரக்கை, சோப்புக்கை. அதான் அந்தக் காலத்துக் கல்லுல பாதிக்கு மூலை மூக்கறையா இருக்கு. மூலை போனாப் பரவாயில்ல, நடுவுல விரிசல் ஓடினா வேண்டாம். வெரல் நகத்தால சுண்டிப் பாரு, சத்தம் கணீர்னு வரணும். மேல்பக்கம் கண்ணாடி கணக்கா மினுங்குச்சுன்னா, ஆகா எவ்வளவு நைசுன்னு மயங்கிறாத. இரும்புத் தூளும் சோப்பும் அடைச்சு வாய மூடிக்கிட்டுக் கெடக்குன்னு அர்த்தம். நல்லாக் கழுவித் தேச்சு எடுத்தாத்தான் அது மறுபடி கடிக்கும்.

ஏந்தி வச்சுப் பாத்தா நடுவுல குழி இருக்கும். எவனோ ஒருத்தன் அம்பது வருசம் ஒரே எடத்துல இழுத்த குழி. அத மட்டமாக்கணும். கல்லு மேல பென்சிலால குறுக்கும் நெடுக்கும் கட்டம் போடு. தடிச்ச கண்ணாடிப் பலகை மேல உப்புத்தாள ஈரம் பண்ணி ஒட்டவச்சு, கல்லக் கவுத்துத் தேய். கட்டம் எங்க அழியலையோ அங்க பள்ளம். எல்லாக் கோடும் ஒண்ணு போல அழிஞ்சாத்தான் மட்டம். வெளிம்ப லேசா உருட்டி விட்டுரு, இல்லேன்னா கத்தியக் கடிச்சுரும். ஆச்சி துவைக்கிற கல்லுல வச்சுத் தேச்சுப் பாத்த பத்தியா, அந்த வேலை வேண்டாம். துவைக்கிற கல்லுக்கே நாலு தலைமொறைக் குழி இருக்கு, அது எப்படி உன் கல்ல மட்டமாக்கும்? அவ வெளக்கமாத்த எடுத்ததுல ஞாயம் இருக்கு.

இனி இழுக்குறத கவனி. இதத்தான் உனக்கு வீடியோவுல ஒருத்தனும் ஒழுங்காக் காட்டல.

கத்தியத் தொறந்து கல்லு மேல படுக்க வை. முதுகும் தொடணும், வாயும் தொடணும். சாய்வு எத்தனை டிகிரின்னு நீ மண்டையப் போட்டு ஒடைக்காத, கத்தி செஞ்சவன் முதுகு தடிமத்துலயே அந்தக் கணக்க எழுதி வச்சுட்டான். வாயோட ரெண்டு பக்கச் சாய்வும் சேந்து பதினாறு பதினேழு டிகிரிக்குத் தானா நிக்கும். நீ பண்ண வேண்டியதெல்லாம் முதுகத் தூக்காம இருக்குறதுதான். கல்லு அகலம் ரெண்டு அங்குலம் இருந்தாப் பெருசு, கத்தி வாயி அத விட நீளம். அதனால நேரா இழுத்தா ஒரு முனை பட்டினியாக் கெடக்கும். வாயோட குதிகால்ல, அதான் பிடிப் பக்கத்துல, ஆரம்பிச்சுக் குறுக்க ஓட்டி நுனியில முடிக்கணும். வாயி முன்னால போகணும், கல்லச் சீவி எடுக்கப் போற பாவனையில. கோடியில போனதும் முதுகு மேல உருட்டித் திருப்பணும். வாயி மேல உருட்டினியோ, அன்னைக்குப் பட்ட பாடெல்லாம் போச்சு. தோல்வார்ல இதுக்கு நேர் எதிரு: முதுகு முன்னால, வாயி பின்னால. ஒருநா நீ வார்ல வாய முன்னால விட்ட பாரு, அந்த வார்ல இப்ப ஒரு துண்டு என் செருப்புக்கு வாரா இருக்கு. தோலு நல்ல தோலு.

அழுத்தம்னு ஒண்ணு இருக்கு. தூங்குற புள்ள மேல துண்டப் போத்துவியே, அந்தப் பாரம் போதும். கத்தியோட சொந்தக் கனமே பாதி வேலையப் பாத்துரும். நீ இழுக்குறப்போ நான் சன்னல் வழியாப் பாத்தேன். தோள்பட்டை ஏறுது, பல்லக் கடிக்க, நெத்தியில வேர்வை. கிணத்துல சகடை இழுக்குறவன் கூட அம்புட்டுச் செரமப்பட மாட்டான். கல்லு மேல நுரை கறுத்து வருதா பாரு. வந்தா இரும்பு தேயிதுன்னு அர்த்தம். கொஞ்சங் கறுத்தாப் போதும், நிறுத்திரு. பத்து இழுப்புல ஆகாத காரியம் நூறு இழுப்புலயும் இந்தக் கல்லுல ஆகாது. அப்ப கத்திக்கு வேற முரட்டுக் கல்லு வேணும்னு அர்த்தம். நிறுத்துறதுதான் இந்தத் தொழில்ல கஷ்டமான வேலை. நிறுத்தாமத் தேச்சா வாயி கம்பியாட்டம் மெலிஞ்சு மடங்கிரும், கண்ணுக்குத் தெரியாமப் பல்லு விட்டுரும். பாத்தாக் கூரா இருக்கும். வச்சாத் தாடை எரியும்.

சிகாகோவுல மோலர்னு ஒருத்தரு 1893-லயே முடிவெட்டக் கத்துக்கொடுக்குற பள்ளிக்கூடம் தொறந்துட்டாராம். எங்களுக்குப் பள்ளிக்கூடமும் பரீட்சையும் எங்கப்பா பொறங்கைதான். அவரு சொல்லித் தந்த நகப் பரீட்சை அந்த அமெரிக்காப் புஸ்தகத்துலயும் இருக்குன்னு நீ வாசிச்சுக் காட்டினப்போ எனக்குக் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. மறைச்சுக்கிட்டேன். கட்டவெரல் நகத்த ஈரம் பண்ணு. கத்தி வாய அது மேல வச்சு, அழுத்தாமக் குதிகால்ல இருந்து நுனி வரைக்கும் மெள்ள இழு. வழுக்கிட்டுப் போனா மொட்டை. கொரகொரன்னு தட்டித் தட்டிப் போனா முரடு, இல்லேன்னா அளவுக்கு மீறித் தீட்டிட்ட. நகத்த லேசாப் புடிச்சுக்கிட்டு, பிசுபிசுப்பா, ஒரே சீராப் போச்சுன்னா எந்திரிச்சுக் கையக் கழுவு, ஆச்சு.

நீ இதையா செய்யுத? கை மயிரச் செரச்சுப் பாக்க. உன் இடதுகை முழங்கை வரைக்கும் இப்ப பளபளன்னு இருக்கு, வலதுகை கரடி. ஆபீஸ்ல யாரும் ஒண்ணும் கேக்கலையா? அது போதாதுன்னு தலைமயிரத் தொங்கவிட்டுக் கத்தி மேல வைக்கிற பரீட்சை வேற. விழுந்தாப் பாஸ், வளைஞ்சாப் பெயில். உன் தலையில இருக்குறது கணக்குப் போட்டுச் செலவழிக்க வேண்டிய சரக்குன்னு தெரிஞ்சு உங்க அக்காகிட்டப் போயி நின்ன. அவ அடிக்க வந்தா. கடைசியில ஆச்சி சீப்புல இருந்து நரைமயிரு பொறுக்கிட்டு இருந்த. நரை தடிப்பும் முரடும் வேற, அதுல பரீட்சை வச்சாக் கத்தி பாவம்.

ஆனா மயிரச் சாதாரணமா எண்ணிறாத. 2020-ல எம்ஐடி காரங்க இத ஆராஞ்சு சயன்ஸ் பத்திரிகையில எழுதினாங்கன்னு நீதான சொன்ன? மயிர விட எஃகு அம்பது மடங்கு கடினம், இருந்தும் மயிரு கத்தி வாயச் சில்லுச் சில்லாப் பேத்துருதாம். எஃகு முழுக்க ஒரே பதமா இருக்காது. நலிஞ்ச எடத்துல மயிரு சாஞ்சு பட்டா அங்கன ஒரு துணுக்குப் பேந்துரும். நாங்க இத மைக்ராஸ்கோப்பு இல்லாமக் கண்டுபுடிச்சோம். மேலத்தெருவுல ஒருத்தருக்குத் தாடி வைக்கோல் போர்க் கம்பி. அவருக்கு வழிச்ச கையோட அடுத்த ஆளத் தொட முடியாது, கல்லத் தேடணும். காசு மட்டும் எல்லாருக்கும் ஒரே காசுதான் கொடுப்பாரு. ஆராய்ச்சிக்காரங்க அதுக்கும் ஏதாவது சொல்லியிருக்காங்களான்னு பாத்துச் சொல்லு.

இந்தக் கல்லுக்குக் கெட்ட காலம் எப்ப வந்துச்சு தெரியுமா? ஜில்லெட். 1903-ல மொத வருசம் வித்தது வெறும் 51 ரேசரும் 168 பிளேடும். அத வாங்கினவனப் பாத்து சலூன்காரங்க எல்லாம் சிரிச்சிருப்பாங்க, நானா இருந்தாச் சிரிச்சிருப்பேன். மொத உலக யுத்தம் வந்துச்சு. அமெரிக்கா சர்க்கார் பட்டாளத்துக்காரனுக்குக் கொடுக்க 35 லட்சம் ரேசர் எடுத்துச்சு. பதுங்குகுழியில தானே வழிச்சுப் பழகினவன் ஊருக்கு வந்தப்பறம் எதுக்கு சலூன் பெஞ்சுல உக்காரப் போறான்? தேஞ்சா எறி, புதுசு மாட்டு. தீட்டுறதுங்கிற வேலையே ஒழிஞ்சுபோச்சு. கல்லு எல்லாம் பரண்ல ஏறுச்சு. அங்க இருந்துதான் இப்ப ஒவ்வொண்ணா எறங்கி உன் வீட்டுக்கு வருது.

நம்ம பக்கம் அது பொறகுதான் வந்துச்சு. 1986-ல மெட்ராஸ்ல எச்ஐவி கண்டுபுடிச்சாங்க பாரு, அதுக்குப் பொறவு கொஞ்சங் கொஞ்சமா வாடிக்கைக்காரங்க கத்தியக் கண்டாலே, "அண்ணாச்சி, புது பிளேடுதான?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கேட்டது ஞாயம். ஆளுக்கொரு பிளேடு, பாதியா ஒடிச்சு மாட்டுற கத்தி வாங்கினேன். கல்லுக்கு வேலை இல்லாமப் போச்சு. எனக்கு அதுல வருத்தம்னு எழுதிறாத. நெதம் தீட்டுற பாடு போச்சு, கண்ணு கொஞ்சம் தப்பிச்சுச்சு.

என் கல்லு எங்கன்னுதான கேக்க? ரெண்டு நாளா அலமாரிய உருட்டுத, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்க. அதுக்குப் பேரும் கெடையாது, நம்பரும் கெடையாது, லேபிளும் கெடையாது. எங்கப்பா கையில இருந்து என் கைக்கு வந்துச்சு. கடைய மூடினப்பறம் உங்க ஆச்சி, அம்மி ஆடுதுன்னு அதுக்கு அண்டக் கொடுத்தா. அன்னைக்குல இருந்து அம்மி ஆடல. மட்டம்னா அப்படி மட்டம். அத உருவணும்னா மொதல்ல அவகிட்டக் கேட்டுக்கோ. என்னய இழுக்காத.

இனி, மொத சவரம் யாருக்குங்கிறது பேச்சு. உனக்கு நீயே வழிச்சுக்கிறேன்னு துள்ளாத. கண்ணாடியில பாத்தா இடது வலது மாறிப்போகும், காதுக்குப் போற கை மூக்குக்குப் போகும். உங்கப்பன் ஒத்துக்க மாட்டான், அவனுக்கு மெஷின்தான். என் தாடையப் பாக்க? பாக்காத. உன் கல்லு வந்ததுல இருந்து நான் ராத்திரி துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான் படுக்கேன்.

கடைத்தெருவுல பலூன் வாங்கிட்டு வா. பெருசா ஊதிக் கட்டு. சோப்ப நல்லா நுரைக்கத் தடவு, முப்பது டிகிரி சாய்வுல கத்தியப் புடிச்சு நுரைய மட்டும் வழிச்செடு. முடிவெட்டுப் பள்ளிக்கூடத்துலயும் புது ஆளுக்கு இப்படித்தான் கைப் பழக்கம் கொடுப்பாங்க. வெடிக்காம ஒரு பலூன சுத்தமா வழிச்சுக் காட்டிட்டீன்னா வா, என் தாடையத் தாரேன், வலது பக்கம் மட்டும். எதுக்கும் ஒரு பாக்கெட்டோட நிக்காம ரெண்டு பாக்கெட்டா வாங்கிக்கோ. மிஞ்சினா அக்கா மகன் பொறந்தநாளுக்குக் கட்டிரலாம். இடது பக்கத்துக்கு நான் பஸ் ஸ்டாண்டு சலூனுக்குப் போயிக்கிடுதேன், அங்க பிளேடு புதுசு.